பயமில்லாமல் போகட்டும்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் முழங்கால் தேவலையா? மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டீர்களா, இல்லை இன்னும் துணி காயப்போட மேலேதான் போகிறீர்களா?

போனில் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மில் சத்தத்தில் போன உங்கள் காதுக்கு நான் கத்த வேண்டும். "கோழியை எப்படிக் கொல்றது அண்ணி?" என்று நான் கத்தினால் தெருவே கதவைத் திறந்து பார்க்கும். அதனால் கடிதம்.

உங்கள் தம்பி போன வருஷம் ஒரு பெட்டி நிறையக் குஞ்சு வாங்கி வந்தாரே, எல்லாம் பெட்டை என்று கடைக்காரர் சத்தியம் செய்ததாக? பாதிக்கு மேல் சேவல். பின்வாசல் இப்போது போர்க்களம். ஒன்றை ஒன்று கொத்துகின்றன. பெட்டைகளின் முதுகில் முடியே இல்லை. ஒருத்திக்குத் தோலே கிழிந்துவிட்டது.

போன ஞாயிறு "நான் பாத்துக்கறேன், நீ உள்ள போ" என்றார் உங்கள் தம்பி. லாரி ஓட்டுகிற கை, ஒரு சேவல் என்ன பெரிய விஷயம் என்று நானும் விட்டுவிட்டேன். கத்தி மொண்ணை. பாதி அறுபட்ட கழுத்தோடு அது கையிலிருந்து நழுவி ஓடித் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் புகுந்துகொண்டது. பிடித்து முடிப்பதற்குள் அவர் அழுதுவிட்டார். அந்தக் கறியை யாரும் தொடவில்லை. அன்றிலிருந்து அவர் பின்வாசல் பக்கமே போவதில்லை.

கறிக்கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம்தான். அவர் காலைக் கட்டித் தலைகீழாக வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். மனசு வரவில்லை. நானே செய்கிறேன். ஆனால் அது துடிக்கக் கூடாது, பயப்படக் கூடாது. இத்தனை வருஷமாக நீங்கள் செய்கிறீர்கள். எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
ஊசி


ஜனவரி 20

ஊசிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் முழங்காலாக இருக்கிறது. மாடிக்குத்தான் போகிறேன், திட்டாதே.

என் தம்பி அழுதான் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்ற மாட்டான். அவனை ஒன்றும் சொல்லாதே. அவன் கெட்டவனும் இல்லை, கோழையும் இல்லை. அவசரப்பட்டான், அவ்வளவுதான்.

நீ அவசரப்படாதே. இந்த வாரமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை.

முதலில் தினம் சாயங்காலம் ஒவ்வொரு சேவலாகக் கையில் எடு. இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து அணைத்து, பாதத்தை ஒரு கையில் தாங்கி, சும்மா கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விடு. உன் கை அதற்குப் பழக வேண்டும். அதைவிட முக்கியம், அது உன் கைக்குப் பழக வேண்டும். துரத்திப் பிடித்த கோழி பாதி செத்த கோழி.

அடுத்தது கத்தி. பெரிய கத்தி வேண்டாம். விரல் நீளத்துக்கு ஒரு கத்தி போதும். தையல்காரி உனக்குக் கத்தரிக்கோல் சாணை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நழுவுகிற பட்டுத் துணியை இழுக்காமல் அறுக்கிறதா பார். அதுதான் பரீட்சை.

மூன்றாவது, ஒரு தண்ணீர் கேனின் அடியை வெட்டி எடு, வாய்ப்பக்கம் தலை நுழையும் அளவுக்கு அகலமாக்கு. தலைகீழாகச் சுவரில் அடித்தால் அதுதான் புனல். உள்ளே இறக்கினால் கோழியால் சிறகடிக்க முடியாது. மற்ற கோழிகள் பார்க்காத இடத்தில் அடி. வெட்டின விளிம்பைத் தேய்த்துவிடு, அதன் மேல் கீறக் கூடாது.

இவ்வளவும் முடித்துவிட்டு எழுது. கூண்டில் எல்லோரும் சுகம். கறுப்பி அடைக்கு உட்கார்ந்திருக்கிறாள், யாரையும் கிட்ட விடுவதில்லை.

அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். நீங்களும் கறுப்பியும் சுகமா?

நீங்கள் சொன்னது எல்லாம் செய்துவிட்டேன். கத்தி உங்கள் பரீட்சையில் பாஸ். மிச்சமான லைனிங் துணியில் சேவலுக்கு ஓர் உறை தைத்தேன். தலை மட்டும் வெளியே வரும், சிறகு உள்ளே அடங்கிவிடும், கீழே நாடா. புனலுக்குள் இறக்கும்போது சிறகு விரிந்து மாட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருந்தது. முதல் உறை 'முதலாளி'க்கு இறுக்கமாக இருந்தது. (முதலாளி என்பது எல்லோரையும் கொத்துகிறவன்.) பிரித்து, இடுப்பில் இரண்டு விரல் விட்டு மறுபடி தைத்தேன். இத்தனை வருஷத் தையலில் அளவு எடுக்கும்போது என்னைக் கொத்திய வாடிக்கையாளர் இவன் ஒருவன்தான்.

தினம் சாயங்காலம் தூக்குகிறேன். இப்போது ஓடுவதில்லை. முதலாளிகூடக் கையில் வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறான். அங்கேதான் அண்ணி எனக்குப் பிரச்சினை. நேற்று சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "அது நம்மள நம்பித்தானேம்மா கண்ண மூடுது?" என்றாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிறேனா?

நேராகவே கேட்கிறேன். உங்களுக்கு இது எப்போதாவது லேசாக இருந்ததுண்டா?

அன்புடன்,
ஊசி


பிப்ரவரி 11

ஊசிக்கு,

சுகம். கறுப்பியின் குஞ்சுகள் வந்துவிட்டன. அவற்றின் கத்தல் என் காதுக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

லேசாக இருந்ததில்லை. லேசாகிவிட்டால் அன்றோடு விட்டுவிடு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் போன பிறகு முதல் கோழியை நானாக அறுத்தபோது காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை.

சின்னவளிடம் "ஆமா, நம்பித்தான் மூடுது" என்று சொல். பொய் சொல்லாதே. அது நம்பாமல் போனால் பயந்துகொண்டு போகும். போவது மாறாது. பயம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இனி வேலை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் வை. விடியற்காலை வெளிச்சம் வருமுன் கூண்டிலிருந்து எடு. அரை இருட்டில் அவை சாதுவாக இருக்கும். யாரும் பேச வேண்டாம். கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்திரு. பிறகு உறையோடு புனலில் இறக்கு. தலையை மெதுவாக வெளியே எடு. தலைகீழாக இருப்பதில் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும்.

முதலில் நினைவு போக வேண்டும். கனமான சின்னக் கட்டையால் தலையின் பின்பக்கம் ஒரே அடி. இரக்கப்பட்டு மெதுவாக அடிப்பதுதான் கொடுமை. உடனே, உடனே என்றால் மூச்சுவிடும் நேரம்கூட வைக்காமல், தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஆழமாக அறு. அங்கேதான் ரத்தக்குழாய் ஓடுகிறது. முந்தின நாளே விரலால் தடவி இடத்தைப் பார்த்து வை, முடியை விலக்கிப் பழகு.

அதற்குப் பிறகு உடம்பு உதறும், கால் உதைக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதே. அது வலி இல்லை, நரம்பு. தலையை விடாமல் பிடித்திரு. அடங்கின பிறகு கண்ணின் மேல் விரல் நுனியை வை. இமை அசையவில்லை என்றால் போய்விட்டது. அசைந்தால் மறுபடி அறு, தயங்காதே. அது உறுதியாகாமல் வெந்நீர்ப் பக்கம் கொண்டுபோகாதே.

கை நடுங்கினால் அன்றைக்கு வேண்டாம். கூண்டில் விட்டுவிட்டு வந்து டீ குடி. சேவல் எங்கேயும் போய்விடாது.

அண்ணி


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம். நீங்கள்?

முதல் தடவை கை நடுங்கியது. விட்டுவிட்டு வந்து டீ குடித்தேன். முதலாளிக்கு ஒரு வாரம் ஆயுள் கூடியது.

நேற்று விடியற்காலை செய்தேன். கையில் எடுத்தேன், கண்ணை மூடினான். புனலில் இறக்கினேன். ஓர் அடி, ஓர் அறுப்பு. சத்தமே போடவில்லை அண்ணி. பக்கத்தில் கூண்டில் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தார்கள். உதறினபோது உங்கள் எழுத்தையே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: வலி இல்லை, நரம்பு. வலி இல்லை, நரம்பு. பிறகு கண்ணைத் தொட்டேன். அசையவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் உங்கள் தம்பி பின்வாசல் கதவில் நிற்கிறார். எப்போது வந்தார் என்றே தெரியாது. "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது." "கத்தவே இல்லையே?" "இல்ல." அவர் வந்து என் கையிலிருந்து கத்தியை வாங்கிக் கழுவிவைத்தார். பின்வாசலுக்கு வந்துவிட்டார் பாருங்கள்.

மற்றதில் நிறையத் தப்பு. கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டேன், முடியோடு தோலும் கையோடு வந்தது. பித்தப்பையைக் கிழித்து ஈரல் கசந்துபோனது. அதை எப்படி எடுப்பது? ஆனால் எல்லோரும் சாப்பிட்டோம். சின்னவள் தட்டின் முன்னால் உட்கார்ந்து "தேங்க்ஸ் முதலாளி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

நானும் உங்களுக்கு அதையே சொல்கிறேன். கையில் ஒரு உயிர் பயமில்லாமல் போவது எப்படி இருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது. நீங்கள் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

கறுப்பியின் குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்துவிட்டதா?

நன்றியுடன்,
ஊசி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா? போன கடிதம் வந்து சேர்ந்ததா? பதில் இல்லாததால் முழங்கால் மோசமாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. ஒரு வரி போடுங்கள்.

இரண்டாவது சேவலும் ஆயிற்று. இந்தத் தடவை உங்கள் தம்பி புனலில் இறக்கினார், காலைப் பிடித்துக்கொண்டார். அறுத்தது நான். தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டேன், ஆனாலும் இறக்கையடி முடி வரமாட்டேன் என்கிறது.

சின்னவள் உங்கள் குஞ்சுகளைப் படம் வரைந்து வைத்திருக்கிறாள். எத்தனை கறுப்பு, எத்தனை பழுப்பு என்று தெரியாததால் வண்ணம் தீட்டாமல் விட்டிருக்கிறாள். சொல்லுங்கள்.

அன்புடன்,
ஊசி


ஏப்ரல் 8

ஊசிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. தாமதத்துக்கு ஒன்றும் நினைக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை.

தண்ணீர் கொதிக்கக் கூடாது. விரலை வைத்தால் சட்டென்று எடுக்கத் தோன்ற வேண்டும், அந்தச் சூடு. காலைப் பிடித்து முக்கி மேலும் கீழும் ஆட்டு. வால் முடி சுலபமாக வந்தால் எடுத்துவிடு. இறக்கை முடியை முதலில் பிடுங்கு, ஆறினால் வராது. பித்தப்பை ஈரலோடு ஒட்டிப் பச்சையாக இருக்கும். அதைத் தொடாதே, சுற்றியுள்ள ஈரலைக் கொஞ்சம் சேர்த்தே வெட்டி எறி. சுத்தம் செய்த கறியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒரு நாள் ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டுச் சமை. உடனே சமைத்தால் ரப்பர்.

இன்னொன்று. இனிமேல் வெளியிலிருந்து புதுக் கோழி எதையும் சேர்க்காதே. கூண்டுக்குப் போக ஒரு செருப்பு தனியாக வை. காட்டுப் பறவைகள் வந்து தண்ணீர்ச் சட்டியில் வாய் வைக்காதபடி வலை போடு. தீனி மூட்டையை மூடி வை. இதைத் தள்ளிப்போடாதே, கடிதம் கிடைத்த அன்றே செய்.

குஞ்சுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே இப்போது சத்தம் குறைவு. சின்னவளை அவளுக்குப் பிடித்த வண்ணத்தைத் தீட்டச் சொல்.

அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. நாங்கள் சுகம். வலை போட்டாயிற்று, செருப்புத் தனியாக வைத்தாயிற்று. உங்கள் தம்பி "கோயிலுக்குள்ள போற மாதிரி செருப்ப மாத்த வேண்டியிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றுகிறார்.

தண்ணீர் விஷயம் ரொம்பச் சரி. முடி கொத்துக் கொத்தாக வந்தது. எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்கிறார். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

ஒரு நல்ல செய்தி. உங்கள் தம்பிக்கு அடுத்த வாரம் உங்கள் பக்கமாக ஒரு லோடு இருக்கிறது. திரும்பும்போது வந்து எட்டிப் பார்க்கிறேன் என்றார். முழங்காலுக்கு உறை ஒன்று தைத்துக் கொடுத்தனுப்புகிறேன். சேவலுக்குத் தைத்த கை, சரியாகத்தான் வரும்.

அன்புடன்,
ஊசி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள்?

அவர் நேற்று வந்தார். சாப்பிடக்கூட உட்காரவில்லை. "அக்கா வீட்டுக் கூண்டுல ஒரு எறகுகூட இல்ல" என்றார். தரையெல்லாம் சுண்ணாம்பாம். கேட்டில் அரசாங்கத் தாள் ஒட்டியிருக்கிறதாம், மழையில் பாதி கிழிந்து. "'என்னக்கா ஆச்சு?'ன்னு கேட்டேன், 'காய்ச்சல் வந்துச்சு, எடுத்துட்டாங்க'ன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. டீ போட்டுக் குடுத்தா. 'ஊசிகிட்ட சொல்லாத, பயந்து விட்டுருவா'ன்னா" என்றார். இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு நீங்கள் பித்தப்பையைப் பற்றி எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கூண்டு காலியான பிறகா அண்ணி அதை எழுதினீர்கள்? நான் வேறு குஞ்சுக்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பயந்து விடமாட்டேன். நீங்கள் சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டாம். சொன்னால் கேட்க நான் இருக்கிறேன்.

ஊசி


மே 20

என் அன்பான ஊசிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். முழங்கால் உறை அளவு சரி. இப்போது இருக்கிறேன் என்று சொல்லலாம்.

அடுத்த தெருவுக்கு அப்பால் ஒரு பெரிய பண்ணை. அங்கேதான் பறவைக் காய்ச்சல் முதலில் வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் விடியற்காலை என் வீட்டு வாசலில் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு ஐந்தாறு பேர், கையில் சாக்குகள். என் கோழிகளுக்கு ஒன்றுமே இல்லை ஊசி. கறுப்பி அப்போதுதான் குஞ்சுகளுக்குக் கிளறக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கால்நடை டாக்டர் ஏதோ சொன்னார். முகமூடி போட்டிருந்ததால் உதடு தெரியவில்லை, எனக்கு ஒன்றும் புரியவில்லை. காதைக் காட்டினேன். அவர் மார்க்கர் பேனாவை எடுத்து ஒரு சாக்கின் மேலேயே எழுதிக் காட்டினார்: "எல்லாக் கோழியும். நோய் பரவாமல் இருக்க. மன்னிக்கணும் அம்மா."

பண்ணையில் எப்படி நடந்தது என்று முந்தின நாள் மாடியிலிருந்து பார்த்திருந்தேன். துரத்தி, காலைப் பிடித்து இழுத்து, உயிரோடு சாக்கில் திணித்தார்கள். என் கேட்டைப் பூட்டிக்கொண்டு கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

ஆனால் வாயில் வந்தது வேறு. "துரத்தாதீங்க. பேசாதீங்க. வெளிச்சம் அடிக்காதீங்க. நான் ஒண்ணொண்ணா எடுத்துத் தர்றேன். நீங்க ஒரே தடவைல முடிச்சிருங்க. கண்ணத் தொட்டுப் பாத்துட்டு அப்புறமா சாக்குல போடுங்க." தடங்கல் இல்லாமல், மனப்பாடம் செய்த மாதிரி வந்தது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? உனக்காக எழுதினது. இத்தனை வருஷம் கையால் செய்ததற்கு என்னிடம் வார்த்தை இருந்ததில்லை. என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை. நீ கேட்டாய், அதற்காக ஒவ்வொன்றாக யோசித்து எழுதினேன். அந்தக் காலையில் அது தயாராக இருந்தது. நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன். அவர்கள் என்னைத் தள்ளிவிட்டுவிட்டு அவர்கள் வழக்கப்படி செய்திருப்பார்கள்.

டாக்டர் மற்றவர்களை வெளியே நிற்கச் சொன்னார். எனக்கும் ஓர் உடுப்பும் கையுறையும் கொடுத்தார். நான் கூண்டிலிருந்து ஒவ்வொருத்தியாக எடுத்து, நெஞ்சோடு வைத்து, கண்ணை மூடின பிறகு கொடுத்தேன். அவரே கையால் செய்தார். நல்ல கை. ஒவ்வொன்றுக்கும் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஒருத்தியும் கத்தவில்லை. எனக்குத்தான் காது கேட்காதே, நிஜமாகவே கத்தவில்லையா என்று டாக்டரிடம் பிறகு கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். குஞ்சுகளைக் கறுப்பிக்கு முன்னாலேயே கொடுத்தேனா, பின்னாலா என்பதை மட்டும் உனக்குச் சொல்ல மாட்டேன்.

அவர்கள் போன பிறகு உன் கடிதத்தைப் பிரித்தேன். முந்தின நாள் வந்தது, பண்ணைக் கலவரத்தில் பிரிக்கவில்லை. உன் சேவல் சத்தமே போடவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் என்னால் அழ முடிந்தது. அதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆனது. கோழி என்ற வார்த்தையை எழுதினால் எல்லாம் கொட்டிவிடும் என்று பயம். கடைசியில் தண்ணீர்ச் சூடு, பித்தப்பை என்று எழுத ஆரம்பித்ததும் கை நிலைக்கு வந்தது. நான்தான் உனக்கு உதவி செய்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

நன்றி ஊசி. நான் யாருக்கும் இந்த வார்த்தையை எழுதினதில்லை, எழுதினால் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணி


ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து படித்தோம். உங்கள் தம்பி எழுந்து பின்வாசலுக்குப் போய் வெகுநேரம் நின்றார். சின்னவள் அந்தப் படத்துக்கு நீங்கள் சொன்னபடி அவளுக்குப் பிடித்த வண்ணம் தீட்டிவிட்டாள். ஊதா நிறத்தில் குஞ்சுகள். வைத்திருக்கிறேன், நீங்கள் கேட்கிற அன்றைக்குத் தருகிறேன்.

கறுப்பியைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

பள்ளிக்கூடம் மறுபடி விடுமுறை விட்டதும் நானும் சின்னவளும் வந்து பத்து நாள் இருக்கிறோம். மாடியில் துணி காயப்போடுவது என் வேலை. இதற்கு மட்டும் "வேண்டாம்" என்று பதில் எழுதாதீர்கள், வந்து சேராத கடிதமாகக் கணக்கு வைத்துக்கொள்வேன்.

என்றும் நன்றியுள்ள,
ஊசி


செப்டம்பர் 14

ஊசிக்கு,

சுகம். மழைக்கு முன்னால் கூரையைச் சரி செய்துவிட்டேன்.

நேற்று அந்த டாக்டர் வந்தார். இந்தத் தடவை முகமூடி இல்லை, சின்ன வயதுக்காரர், முகத்தில் பரு. கூண்டைச் சுற்றிப் பார்த்தார், மண்ணைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுபோய்ச் சோதித்ததில் ஒன்றுமில்லை என்றார். இனி வளர்க்கலாமாம். அவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, என் காதுப் பக்கம் குனிந்து, "இப்பல்லாம் எங்க ஆளுங்க யாரும் துரத்துறதில்லம்மா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இனிமேல் வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை எழுந்ததும், என்னை அறியாமல் கால் கூண்டுப் பக்கம் போயிற்று. கையில் தீனிக் கிண்ணம் வேறு.

அடுத்த வாரம் விடுமுறை என்று எழுதியிருந்தாய். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார். பெட்டியில் காற்று போக ஓட்டை போடு, அடியில் வைக்கோல் போடு, மடியில் வைத்துக்கொள், கீழே வைக்காதே. பெட்டைகளாகப் பார்த்துக் கொண்டு வா. வெறுங்கையோடு மட்டும் வராதே.

அண்ணி